மாமியார் வீட்ல தேங்கா எண்ணெய் வாசமே ஆகாது, அவியலும் மீன் குழம்பும் எப்படி வைக்கிறது?

குமரிக்காத்து எழுதியது:

எனக்கு ஊரு நாகர்கோவில் பக்கம், கல்யாணம் ஆகி வந்தது கோபிச்செட்டிபாளையம். வீட்ல எல்லாரும் நல்ல மாதிரி, அத்தை அடுப்படிய எங்கிட்ட விட்டுட்டாங்க, உப்பு கூட குறைச்சல்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா தேங்கா எண்ணெய் மட்டும் அடுப்புல ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா எந்திரிச்சு வாசத்திண்ணைக்கு போயிருவாங்க, தலைக்கு தேய்க்கறத எப்படி கண்ணு சோத்துல ஊத்தறதும்பாங்க. மாமாவும் அதே தான். வீட்டுக்காரர் எங்க வீட்டுக்கு போனா அவியல ரெண்டு தடவ வாங்கி சாப்பிடுவார், இங்க வந்தா அம்மா பக்கம் பாத்து தலையாட்டுவார்.

இங்க பொரிக்க தாளிக்க எல்லாத்துக்கும் செக்குல ஆட்டின கடலெண்ணெய், இட்லிப் பொடிக்கு மட்டும் நல்லெண்ணெய். நானும் கடலெண்ணெய் ஊத்தி அவியல் வச்சு பாத்தேன், எல்லாரும் நல்லாருக்குன்னு தான் சாப்பிட்டாங்க, எனக்கு தான் அது காய் கூட்டு மாதிரி இருந்துச்சு. மீன் குழம்புல இன்னும் மோசம், தேங்கா அரைச்ச குழம்பு மேல கடலெண்ணெய் தாளிப்பு தனியா நிக்குது, ஒட்டவே மாட்டேங்குது.

ரெண்டு தடவ சமைக்க எனக்கு நேரமும் இல்ல, விருப்பமும் இல்ல. எதுக்கெல்லாம் எண்ணெய மாத்தினாலும் ருசி கெடாது, எதுக்கு மாத்தவே கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அந்த வாசத்த கொஞ்சம் அடக்க வழி இருந்தாலும் சொல்லுங்க. "மாமியாரை மாத்து"ங்கற பதில் வேணாம், அவங்களுக்கும் எனக்கும் சண்டையே கிடையாது.

கொப்பரைக்களம் எழுதியது:

ஏனுங்க, நமக்கு காங்கேயம் பக்கமுங்க. உங்க அத்தை சொல்றது கேட்டு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா எங்கூர்ல நெம்ப வேடிக்கை நடக்குது. ஊரச் சுத்தி எங்க பாத்தாலும் கொப்பரை காயற களம், தேங்கா எண்ணெய் ஆட்டற மில்லு, பொள்ளாச்சி காயெல்லாம் இங்க வந்து ஒடைஞ்சு காஞ்சு எண்ணெயா லாரி ஏறிப் போகுது, ஆனா அந்த களத்துல வேலை செய்யற வீட்லயே பாத்தீங்கன்னா குழம்புக்கு கடலெண்ணெய் தானுங்க. எங்க அம்மாவும் அப்படித்தான், தேங்கா எண்ணெய் அலமாரில சீப்பு பக்கத்துல தான் இருக்கும், அடுப்படிக்கு வராது. மானாவாரி காட்டுல கடலை போட்டு அத கொண்டு போய் செக்குல குடுத்து எண்ணெய வாங்கிட்டு புண்ணாக்க மாட்டுக்கு வச்சு பழகின ஊருங்க இது, நாக்கு அப்படியே பழகிருச்சு.

ஆனா ஒண்ணு மட்டும் தொழில்ல இருக்கறதால சொல்றேனுங்க. உங்க அத்தைக்கு ஆகாதது தேங்கா எண்ணெய் வாசமா, கெட்ட தேங்கா எண்ணெய் வாசமான்னு மொதல்ல பாருங்க. கொப்பரை சரியா காயாம ஈரத்தோட ஆட்டினா சீக்கிரம் காறல் அடிச்சிரும். பூஞ்சை புடிக்கக்கூடாதுன்னு சில எடத்துல கந்தகப் புகை போடுவாங்க, அந்த கொப்பரைல வந்த எண்ணெய் கொஞ்சம் சூடேறுனா மூக்க துளைக்கும். வெயில்ல நல்லா காஞ்ச கொப்பரை, போன வாரம் ஆட்டினதுன்னு கேட்டு அரை லிட்டர் மட்டும் வாங்கிப் பாருங்க. பெரிய டின் வாங்கி மாசக்கணக்குல வைக்காதீங்க. தலைக்கு வச்ச பாட்டில்லேர்ந்து எடுத்து ஊத்தற பழக்கம் இருந்தா அத மொதல்ல நிறுத்துங்க, அத்தை கண்ணுக்கு அது பட்டா போதும், அப்புறம் எந்த எண்ணெயும் சமையலறைக்குள்ள வர விடமாட்டாங்க.

காவிரிக்கரை எழுதியது:

எங்க வீட்ல நல்லெண்ணெய் தான் எல்லாத்துக்கும், வத்தக்குழம்பு, புளியோதரை, எண்ணெய் கத்திரிக்காய்னு. நல்லெண்ணெய்ல அவியல் வச்சா என்ன? எள் ஆட்டும்போது கருப்பட்டி போடறதால அதுக்கே ஒரு மணம் இருக்கு, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா போயிரும், சண்டை தீந்துச்சு.

திருவட்டாறுக்காரன் எழுதியது:

காவிரிக்கரை, அவியல்ல நல்லெண்ணெயா? கோவிச்சுக்காதீங்க, அதுக்கு அவியலே வைக்காம இருந்திரலாம். நல்லெண்ணெய் புளிக்கு கூட்டாளி, காரத்த அடக்கும், ஊறுகாய்ல மேல நின்னு காக்கும், எல்லாம் சரி. பச்சத் தேங்காயும் சீரகமும் பச்சமிளகாயும் அரைச்சு போட்ட காய்க்கு மேல ஊத்தினா தேங்காய அமுக்கிட்டு அது தான் பேசும்.

குமரிக்காத்து, நானும் குமரி மாவட்டம், இப்ப வேலைக்காக சேலத்துல இருக்கேன், பொண்டாட்டி இந்த ஊர்க்காரி, அதனால இந்த வழக்கு எங்க வீட்லயும் நடந்து முடிஞ்சது தான். நான் கண்டது என்னன்னா, நம்ம ஊரு சமையல்ல எண்ணெய் ரெண்டு வேலை பாக்குது. ஒண்ணு வறுக்க பொரிக்க. இன்னொண்ணு கடைசில மணத்துக்கு ஊத்தறது. மொத வேலைக்கு எந்த எண்ணெய் ஊத்தினாலும் பெருசா தெரியாது, ரெண்டாவது வேலைக்கு தான் மாத்தக்கூடாது. வீடு பூரா வாசம் பரவறது எப்பன்னு பாருங்க, எண்ணெய காய வச்சு கடுகு வெடிக்க விடும்போது தான். ஆனா அவியலுக்கு தாளிப்பே கிடையாதே. காய் வெந்து அரப்பு, அதாவது அரைச்ச தேங்கா விழுது, சேத்து ஒரு கொதி வந்து அடுப்ப அணைச்ச அப்புறம் தான் பச்சை எண்ணெய் ரெண்டு ஸ்பூன் ஊத்தி கறிவேப்பில உருவிப் போட்டு மூடி வைக்கறது. அதுல புகை எங்க வரும்? நீங்க எண்ணெய காய வச்சு ஊத்தறீங்களா? அப்படின்னா அத நிறுத்தினாலே பாதி வாசம் போயிரும். மிச்சத்துக்கு, அத்தை மாமாவுக்கு முதல்லயே ஒரு கிண்ணம் எடுத்து வச்சிட்டு, சட்டில இருக்கறதுல ஊத்துங்க. இது ரெண்டு தடவ சமையல் இல்ல, ஒரு கரண்டி வேலை.

தீயலுக்கு கவலையே வேணாம். தேங்காய மல்லி வத்தலோட நல்லா செவக்க வறுத்து அரைக்கும்போதே அதுலேர்ந்து எண்ணெய் கசிஞ்சு வரும், அந்த கசியற எண்ணெய் தான் தீயலோட மணம். வறுக்க ஆரம்பிக்க ஒரு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டா ஒரு ஆளும் கண்டுபிடிக்க முடியாது, நானே முடியாது. உள்ளித் தீயல் வச்சு குடுங்க, ஈரோட்டுக்காரங்களுக்கு சின்ன வெங்காயம்னா உசுரு, அதுல ஜெயிச்சிரலாம்.

மீன் குழம்புல உங்க சிக்கல் எண்ணெய் இல்லன்னு எனக்கு தோணுது. நீங்க தாளிச்சு, வெங்காயம் தக்காளி வதக்கி, அப்புறம் அரப்பு ஊத்தறீங்கன்னு நெனைக்கறேன், அது இந்தப் பக்கத்து முறை. நம்ம வீடுகள்ல அரைச்சது, புளித்தண்ணி, மாங்காயோ முருங்கைக்காயோ, மீன் எல்லாத்தையும் மண்சட்டில ஒண்ணா கலக்கி அப்படியே கொதிக்க விடுவாங்கல்ல, வதக்கலே இருக்காது. அப்படி வச்சா கடைசில சின்ன உள்ளி கறிவேப்பில தாளிச்சு கொட்டறது ஒரு ஸ்பூன் தான், அது கடலெண்ணெய்னாலும் குழம்பு விட்டு நிக்காது. மறுநாள் சட்டிய சாய்ச்சு பாருங்க, மேல மிதக்கறது தேங்கா அரைச்சதுலேர்ந்து வந்த எண்ணெய் தான்.

பொரிக்கறதுல மாத்தவே கூடாததுன்னா ஏத்தங்கா (நேந்திரங்கா) சிப்ஸ் ஒண்ணு தான், அது தேங்கா எண்ணெய்ல பொரிச்சா தான் அது. அத ஊர்லேர்ந்து வாங்கிட்டு வாங்க, வீட்ல பொரிக்காதீங்க, அந்த வாசத்துக்கு திண்ணை பத்தாது, தெருமுனை வரைக்கும் போகணும்.

அளவா_சாப்பிடு எழுதியது:

ருசி பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் வேற பக்கம். உங்க மாமாவுக்கு கொலஸ்ட்ரால், நெஞ்சுவலி ஏதாவது இருந்தா அவருக்கு தேங்கா எண்ணெய் பழக்க வேணாம், அவர் மூக்கு சொல்றது நல்லதுக்கு தான்னு விட்ருங்க. தேங்கா எண்ணெய்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, கடலெண்ணெய்ல 20க்குள்ள தான், நல்லெண்ணெய்ல அதவிட கொஞ்சம் குறைவு. 2017ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தேங்கா எண்ணெய் எல்டிஎல்லங்கற கெட்ட கொலஸ்ட்ரால ஏத்துதுன்னு சொல்லி வேணாம்னே எழுதினாங்க. உடனே எங்க தாத்தா அதையே சாப்பிட்டு தான் இருந்தார்னு நாலு பேர் வருவாங்க, தாத்தா மரம் ஏறினார், நாம லிப்ட்ல ஏறுறோம்.

அதுக்காக செக்கு கடலெண்ணெய்னா குடம் குடமா ஊத்தலாம்னும் இல்ல. எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு டேபிள்ஸ்பூன் கிட்டத்தட்ட 120 கலோரி, மரச்செக்குன்னு போர்டு வச்சா கலோரி குறையாது. ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்றதும் ஒரே எண்ணெய புடிச்சுக்காம கலந்து மாத்தி பயன்படுத்துங்கன்னு தான். அப்படி பாத்தா மூணு எண்ணெய் இருக்கற உங்க அடுப்படி சரியா தான் இருக்கு, பொரிச்ச எண்ணெய எடுத்து வச்சு திரும்ப திரும்ப காய்ச்சறத மட்டும் விட்ருங்க. அவியல் மேல ரெண்டு ஸ்பூன், அத நாலஞ்சு பேர் சாப்பிடறீங்க, நல்லா இருக்கறவங்களுக்கு அதுல ஒண்ணும் ஆகாது.

கொப்பரைக்களம் எழுதியது:

தலைக்கா சாப்பாட்டுக்கான்னு உங்க அத்தை கேக்கறது சும்மா கேள்வி இல்லீங்க, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன வழக்கு அது. சின்ன பாட்டில்ல வர்ற தேங்கா எண்ணெய்க்கு சமையல் எண்ணெய் வரியா, தலை எண்ணெய் வரியான்னு வருசக்கணக்கா இழுத்துச்சு, 2024 டிசம்பர்ல தான் சமையல் எண்ணெயா தான் எடுத்துக்கணும், தலைக்குன்னு சொல்லி விக்கறதா இருந்தா மட்டும் வேற கணக்குன்னு முடிச்சாங்க. ஜிஎஸ்டில சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18 அப்போ. அத்தைகிட்ட தீர்ப்பு சொல்லிப் பாருங்க, ஆனா நடக்காதுன்னு வைங்க. அதுவுமில்லாம 2025ல லிட்டர் 400 ரூவாய தாண்டி போனப்ப எங்கூர்லயே தலைக்கு வைக்கறதுக்கே யோசிச்சாங்க.

குமரிக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திருவட்டாறுக்காரன் சொன்னது ரெண்டும் சரி, நான் கறிவேப்பிலைய எண்ணெய்ல பொரிச்சு தான் அவியல்ல கொட்டிட்டு இருந்தேன், இங்க எல்லாத்துக்கும் தாளிக்கறத பாத்து கை தன்னால அப்படி போயிருக்கு. மீன் குழம்பும் அதே கதை. ஞாயித்துக்கிழமை சாள மீன்ல பழைய மாதிரி கலக்கி வச்சேன், மாமா எதுவும் சொல்லாம இன்னொரு தடவ சோறு போடச் சொன்னார். அத்தை மீன் சாப்பிட மாட்டாங்க, அதனால அங்க தீர்ப்பு இல்ல. மாமாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டு, அதனால அவருக்கு எண்ணெய் ஊத்தாத கிண்ணமே இருக்கட்டும்.

உள்ளித் தீயல் அத்தை சாப்பிட்டாங்க, இது எங்க வீட்டு பூண்டுக்குழம்பு மாதிரியே இருக்குதேன்னாங்க. நான் வாயத் திறக்கல. பதிலுக்கு அவங்க அரிசிம்பருப்பு சாதம் சொல்லிக் குடுத்திருக்காங்க, அதுல கடலெண்ணெய் தவிர வேற ஊத்தினா எனக்கே பிடிக்காது போல, துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் அந்த எண்ணெய்ல வதங்கும்போது வர்ற மணம் வேற. மேல நெய் ஊத்தி தயிரோட சாப்பிடணுமாம்.

இன்னொரு கேள்வி. தை மாசக் காலைல தேங்கா எண்ணெய் பாட்டில்ல கல்லாட்டம் உறைஞ்சு கிடக்கு, அத ஸ்பூனால சுரண்டி அப்படியே அவியல் மேல போடலாமா, உருக்கணுமா? உருக்கினா திரும்ப வாசம் வருமேன்னு தான்.

திருவட்டாறுக்காரன் எழுதியது:

சுரண்டியே போடுங்க. 24 டிகிரிக்கு கீழ போனா உறையும், அவ்வளவு தான், அவியல் சூட்டுல நொடில உருகிரும். காய்ஞ்ச ஸ்பூனா இருக்கணும், ஈரம் பட்டா சிக்கு வாடை வந்துரும், அப்புறம் அத்தை சொல்றது தான் சரின்னு ஆயிரும். வாய் அகலமான கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சா சுரண்ட சுலபம்.

காவிரிக்கரை எழுதியது:

சரி அவியல விட்டுர்றேன். ஆனா தீபாவளி முறுக்கு எதுல சுடப்போறீங்க, அத இப்பவே பேசி வச்சுக்கோங்க.

குமரிக்காத்து எழுதியது:

அதுக்கு கடலெண்ணெய் தான், அதுல எனக்கும் மறுப்பில்ல. சண்டை வரப்போறது முந்திரிக்கொத்துக்கு. அத்தை பாசிப்பயறுல இனிப்பா, கேள்விப்பட்டதே இல்லைங்கறாங்க, எங்க அம்மா அத தேங்கா எண்ணெய்ல தான் சுடுவாங்க.

கொப்பரைக்களம் எழுதியது:

எங்க பக்கத்து இனிப்பு கச்சாயம் சுடறப்ப கூடவே ரெண்டு ஈடு கடலெண்ணெய்ல அதையும் போட்டு எடுங்க, மொத ஈடு அத்தை கைல குடுத்துப் பாருங்க. பிடிச்சிருச்சுன்னா அடுத்த வருசம் எந்த எண்ணெய்னு பேசிக்கலாமுங்க.