செல்வத்துக்கும் பூத் சிலிப் வந்திருக்கிறது

சித்தி: இன்று காலை வாக்குச்சாவடி அலுவலர் வந்து என் பிள்ளை செல்வத்தின் பெயருக்கும் பூத் சிலிப் கொடுத்துவிட்டுப் போனார். பட்டியலில் பெயர் இருக்கும்போது, சிறையிலிருந்தே அவன் தபாலில் வாக்களிக்க வழியுண்டா? அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

மாமா: வழியில்லை, சரசு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5)ஆம் பிரிவின்படி, தண்டனைக் கைதியானாலும் விசாரணைக் கைதியானாலும் போலீஸ் காவலில் இருப்பவரானாலும், அடைபட்டிருக்கும்வரை வாக்களிக்கக் கூடாது. அதனால் ஒருவர் வாக்காளர் என்ற நிலையை இழப்பதில்லை என்று 2013இல் சேர்த்தார்கள். பெயர் நீக்கப்படாததற்கு அதுதான் காரணம்.

கார்த்திகா: குண்டர் சட்டத்தில் இருப்பவர்களுக்குத் தபால் வாக்கு உண்டு என்கிறார்களே, மாமா?

மாமா: குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் உள்ளவர்களுக்கு மட்டும் அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. அவர்களுக்குத் தபால் வாக்குச்சீட்டு சிறைக்கே போகலாம் என்றால், விசாரணைக் கைதிக்கும் ஏன் போகக் கூடாது? 1997இல் அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடை செல்லும் என்றது. கூடுதல் காவலரும் ஏற்பாடுகளும் தேவைப்படும் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. என் மனம் அதை ஏற்கவில்லை. 2022 இறுதியில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள் அவர்கள்.

முத்து: 2024 மக்களவைத் தேர்தலில் பொறியாளர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே காஷ்மீரின் பாரமுல்லாவில் வென்றாரே?

மாமா: போட்டியிடலாம், முத்து. வாக்களிக்கத்தான் முடியாது.

சித்தி: அடுத்த தெருப் பையனும் இதே வழக்கில்தான் இருக்கிறான். ஜாமீனில் வந்துவிட்டதால் அவன் வாக்களிப்பான், என் பிள்ளை வாக்களிக்க மாட்டான் என்பது என்ன நியாயம்?

பெரியப்பா: அந்தப் பையனோடு சேர வேண்டாம் என்று நான் அன்றே சொன்னேன்.

சித்தி: பாகப்பிரிவினைக்குப் பிறகு நீங்கள் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை, அத்தான். எப்போது சொன்னீர்கள்?

கார்த்திகா: சித்தி, அதை இப்போது எடுக்க வேண்டாம். செல்வத்துக்கும் ஜாமீன் உத்தரவு வந்துவிட்டதுதானே?

மாமா: வந்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கையெழுத்து நான் போடுகிறேன். இன்னொருவர் வீட்டு வரி ரசீதோடும் ஆதாரோடும் நாளை வந்தால், வாக்குப்பதிவுக்கு முன்பே அவன் வெளியே வரலாம். வெளியே வந்துவிட்டால் அந்தத் தடை அவனைக் கட்டுப்படுத்தாது.

பெரியப்பா: என் வீட்டு ரசீது இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரவுக்குள் சொல்கிறேன்.

முத்து: பெரியப்பாவால் இயலாவிட்டால் என் மாமனாரிடம் கேட்கிறேன். ஆனால் அவர் சம்மதிப்பார் என்று நான் உறுதி தர முடியாது.

மாமா: யார் வருவதானாலும் வக்கீலுக்கு இன்றிரவே பெயரைச் சொல்ல வேண்டும். காலை பத்தரைக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.