பேட்டரி புதுசு, ஆனாலும் இன்வெர்ட்டர் கத்துகிறது

புளியரைக்காரன்:
இங்கே சாரல் தொடங்கிவிட்டது, காற்றில் கிளை முறிந்து லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் இன்வெர்ட்டரைத்தான் நம்பியிருக்கிறோம். 150 ஏஎச் பேட்டரி, வாங்கி ஆறு மாதம். இரண்டு ஃபேன் வரை ஓடுகிறது. டிவி, மற்ற ஃபேன் எல்லாம் சேர்ந்து 450 வாட் ஆனதும் பத்து நிமிடத்தில் லோ பேட்டரி என்று கத்தி நின்றுவிடுகிறது. லோடு இல்லாமல் பார்த்தால் 12.7 வோல்ட். வீடு பூசியபோது பேட்டரியைத் திண்ணைக்கு மாற்றி, கையில் கிடந்த 6 ஸ்கொயர் (6 சதுர மி.மீ. பருமன்) வயரை 3 மீட்டர் இழுத்தேன். மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் அந்த வயர் 0.3 காட்டுகிறது. வயரா, பேட்டரியே போச்சா?

குமுளி வயரிங்:
தம்பி, மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், அப்போதும் அதே 0.3 வரும். அது மல்டிமீட்டரின் சொந்த வயரின் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை). உங்கள் வயரில் இருப்பது மில்லி ஓம் (ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு, சாதா மல்டிமீட்டருக்குப் பிடிபடாது. 6 ஸ்கொயர் காப்பர் வயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 மில்லி ஓம் சொச்சம். போக 3, வர 3, ஆக 6 மீட்டருக்குச் சுமார் 20. 230 வோல்ட் பக்கம் 450 வாட்டுக்கு 2 ஆம்பியர்தான், ஆனால் 12 வோல்ட் பக்கம், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, 45 ஆம்பியர் ஓடும். 45 × 0.02, 0.9 வோல்ட் வழியிலேயே போச்சு, 40 வாட் வெறும் சூடு. லோடு ஓடும்போது பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்ட் எடுங்கள்.

வாளையார் செல்வி:
பேட்டரியின் ஈய முனைக்கும் லக்குக்கும் (வயர் நுனியில் அடித்திருக்கும் உலோக வளையம்) நடுவிலும் வோல்ட் எடுங்கள். அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அதுவே பாதி வயர் அளவுக்குத் தின்னும். எங்கள் வீட்டில் அந்த லக் தொட முடியாதபடி கொதித்தது.

புளியரைக்காரன்:
பேட்டரியில் 11.7, இன்வெர்ட்டரில் 10.4. பாசிட்டிவ் முனைக்கும் லக்குக்கும் நடுவில் மட்டும் 0.4! நட்டைக் கழற்றினால் லக்கின் உள்பக்கம் முழுக்கப் பச்சைப் பொடி.

குமுளி வயரிங்:
வயரில் 0.9, லக்கில் 0.4, ஆக 1.3 வோல்ட் வழியிலேயே போகிறது, அதனால்தான் இன்வெர்ட்டர் கத்துகிறது. அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது. இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மோதிரம் கையில் வேண்டாம். ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவுங்கள், அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. நன்றாகக் காய்ந்ததும் இறுக்கி, மேலே வாஸ்லின். வயர் 16 ஸ்கொயர் போடுங்கள், 0.9 இருந்த இடத்தில் 0.3தான் போகும். லக்கைக் கொறடால் நசுக்காதீர்கள், கிரிம்பிங் டூல் (லக்கை வயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் கருவி) உள்ள கடையில் கொடுத்து அடித்து வாங்குங்கள்.

புளியரைக்காரன்:
சரி அண்ணே, நாளைக்கே செங்கோட்டை போய் வயர் வாங்கிவிடுகிறேன்.