பிரிட்ஜ்வாட்டரைக் கீழே தள்ளியது கையுறை இல்லையென்றால் வேறென்ன?

வடதுருவன்:
நேற்று என்எஃப்எல் டிராஃப்ட் (அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரிப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) இழையில் தராசு எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "காம்பைன், ப்ரோ டே, நேர்காணல் எல்லாம் டிவிக்காரர்களுக்குத் தீனி. அதைப் பார்த்து எந்த அணியும் ஒரு பையனைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொண்டதில்லை" என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். நாலு பேர் கைதட்டிவிட்டும் போயிருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தனி இழை. புதிதாக வருகிறவர்களுக்கு: காம்பைன் என்பது டிராஃப்டுக்கு முன் பையன்களை ஒரே இடத்தில் ஓடவிட்டு, அளந்து பார்க்கிற சோதனை; ப்ரோ டே என்பது அவரவர் கல்லூரியிலேயே அணிகளுக்கு ஆடிக் காட்டுகிற நாள்.

தராசு ஐயா, 2014 மார்ச் 17, லூயிவில் கல்லூரியின் ப்ரோ டே. குவார்ட்டர்பேக் (பந்து எறிகிறவர்) டெடி பிரிட்ஜ்வாட்டர் ஆட்டங்களில் கையுறை போட்டு எறிந்து பழகியவர். அன்றைக்குக் கையுறை இல்லாமல் எறிந்தார். பந்து தள்ளாடிக்கொண்டு போனது, சில எறிதல்கள் ஆளைத் தாண்டிப் போயின. அதற்கு முந்தைய சீசனில் இதே கை எறிந்தது 31 டச்டவுன் (கோட்டைத் தாண்டி எடுக்கிற பெரிய புள்ளி), எதிரணி பறித்தது (இன்டர்செப்ஷன்) 4, சரியாகப் போய்ச் சேர்ந்த எறிதல் 71 சதவீதம். டிராஃப்ட் ஆரூடப் பட்டியல்கள் பலவற்றில் முதல் ஆளாக நின்றவர் மே மாதம் 32ஆவது ஆளாகப் போனார். எதிரில் தடுக்க ஒரு ஆள்கூட இல்லாமல் எறிந்த அந்தக் கொஞ்ச நேரம் மூன்று வருட ஆட்டத்தை அழித்தது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தராசு:
முதலில் நான் எழுதியதை முழுசாகப் போடுங்கள். "நல்ல அணி எதுவும்" என்று எழுதினேன். "நல்ல" என்ற சொல்லை விழுங்கிவிட்டு, மீதியை மேற்கோள் குறிக்குள் வைத்து ஊருக்குக் காட்டுகிறீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆரூடப் பட்டியல் எழுதுகிறவர் வேறு, அணி அலுவலகத்தில் யாரை எடுப்பது என்று வரிசைப் பலகை எழுதுகிறவர் வேறு. பிரிட்ஜ்வாட்டர் ஒல்லி. காம்பைனில் 214 பவுண்டு காட்டினார், அந்த உடம்பு தாங்குமா என்ற கேள்வி மார்ச்சுக்கு முன்பே இருந்தது. ஸ்கௌட்கள் (அணிக்கு ஆள் தேடுகிறவர்கள்) இலையுதிர் காலம் முழுக்க டேப் (ஆட்டப் பதிவு) பார்த்துத் தரம் போட்டு முடித்துவிடுவார்கள். முதல் இடத்தில் அவரை வைத்திருந்தது பத்திரிகைக்காரர்கள். இல்லாத உயரத்திலிருந்து ஒருவர் எப்படி விழ முடியும்?

கொங்குநாடன்:
வந்துட்டோம். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000 காம்பைனில் 40 கெஜத்தை 5.28 விநாடியில் ஓடினார், 199ஆவது ஆளாகப் போனார், ஏழு சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிக் கோப்பை) வாங்கினார். இதற்கு மேல் என்ன விவாதம்?

வடதுருவன்:
கொங்கு, எல்லா இழையிலும் பிரேடியை இறக்குகிறீர்கள். அவர் ஓடின அழகால் பெயர் கெட்டது என்றால் அது என் பக்கத்துச் சாட்சி. கெடவில்லை என்றால் அந்தக் காம்பைன் படத்தை இன்னமும் ஏன் வருடா வருடம் போடுகிறார்கள்?

தராசு, "நல்ல" என்ற சொல் ஒரு ஓட்டை, வேறொன்றும் இல்லை. எண்ணத்தை மாற்றிக்கொண்ட அணியை எல்லாம் "அது நல்ல அணி இல்லை" என்று ஒதுக்கிவிட்டால் நீங்கள் என்றைக்குமே தோற்க மாட்டீர்கள். 214 பவுண்டு என்கிறீர்கள். அந்த ஒல்லி உடம்புதான் 2012இல் இடது மணிக்கட்டு முறிந்தும், கணுக்கால் சுளுக்கியும் ரட்கர்ஸ் ஆட்டத்தில் இறங்கி ஜெயித்தது. அடுத்த ஜனவரியில் சுகர் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 33க்கு 23 என்று அடித்தது. உடம்பு மார்ச்சில் திடீரென்று மெலியவில்லை. மார்ச்சில் மாறியது ஒன்றே ஒன்று, கையுறை.

பவானி_கே:
கையுறையிலேயே நிற்கிறீர்களே, மூடின அறைக்குள் நடப்பது யார் கண்ணிலும் படவில்லையா? மைதானத்தில் எறிந்ததை எல்லாரும் பார்க்கிறார்கள், தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் உண்டு. நேர்காணலில் அப்படி இல்லை. 2010இல் டெஸ் பிரையன்ட்டிடம் மயாமி ஜெனரல் மேனேஜர் ஜெஃப் ஐர்லாந்து, உன் அம்மா விலைமாதரா என்று கேட்டார். செய்தி வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார். 2016இல் ஈலை ஆப்பிளிடம் அட்லான்டா பயிற்சியாளர் ஒருவர், உனக்கு ஆண்களைப் பிடிக்குமா என்றார். அங்கேயும் மன்னிப்பு. 21, 22 வயதுப் பையன் இதற்கு முகம் சிவந்தால் "கோபக்காரன்" என்று குறிப்பு எழுதுவார்கள், சிரித்தால் "பொறுப்பில்லாதவன்". அப்புறம் அந்தக் குறிப்பு பெயர் போடாத ஒரு வாயிலிருந்து செய்தியாகக் கசியும்.

குவார்ட்டர்பேக் ஷெடியூர் சாண்டர்ஸுக்கு 2025இல் நடந்தது இதுதான். கொலராடோ கல்லூரியில் கடைசி வருடம் 37 டச்டவுன், 74 சதவீதம். நேர்காணல் மோசம் என்று பெயர் சொல்லாத பயிற்சியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தார்கள். ஐந்தாம் சுற்று, 144ஆவது ஆள். அவரை எடுத்த அதே பிரவுன்ஸ் அணி அதற்கு முன்னால் மூன்றாம் சுற்றிலேயே டிலன் கேப்ரியல் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தது. எந்தக் கையுறையால் நடந்தது இது?

வடதுருவன்:
அக்கா, அந்தக் கேள்விகள் அநியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அறைக்குள் நடந்ததைத் தராசு "யாருக்குத் தெரியும்" என்று தள்ளிவிடுவார். கையுறையைத் தள்ள முடியாது. அது கேமராவில் இருக்கிறது.

புதுசு24:
ஒரு சின்னக் கேள்வி. "பெயர்" என்று இங்கே எல்லாரும் சொல்வது யாரிடம் இருக்கிற பெயரை? ரசிகர்களிடமா, பத்திரிகையிலா, அணிகளிடமா? ஆளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு பேசுவது போலத் தெரிகிறது.

கொங்குநாடன்:
அதே 2014இல் இன்னொரு குவார்ட்டர்பேக் ஜானி மன்ஸீல் ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ப்ரோ டே செய்தார். பெரிய புஷ், முன்னாள் ஜனாதிபதி, நேரில் வந்து பார்த்தார். பாட்டு வேறு ஓடியது. பிரவுன்ஸ் 22ஆவதாக எடுத்தது. தெருவில் பார்த்த வீடற்ற ஒருவர் மன்ஸீலை எடுக்கச் சொன்னார் என்று உரிமையாளர் ஹாஸ்லமே சொன்னார். ஒரு லட்சம் டாலர் செலவழித்து அந்த அணி செய்த ஆய்வில் பிரிட்ஜ்வாட்டர்தான் சிறந்தவர் என்று வந்ததாக ஈஎஸ்பிஎன் அன்றைக்கே சொன்னது. இரண்டே வருடத்தில் மன்ஸீல் வெளியே.

அப்புறம் வடதுருவன், ஒரு பழைய கணக்கு. 2021இல் குவார்ட்டர்பேக் ஜாக் வில்சன் ப்ரோ டேயில் ஓடிக்கொண்டே குறுக்கே தூக்கி எறிந்த அந்த ஒரு பந்தைப் பார்த்துவிட்டு "ஜெட்ஸ் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்று இதே இடத்தில் எழுதியது யார்? நான் மறக்கவில்லை. மறுத்து எழுதின என்னை "ஆட்டமே பார்க்காதவன்" என்றீர்கள்.

வடதுருவன்:
எழுதினேன், மறைக்கவில்லை. ஜெட்ஸும் இரண்டாவது இடத்தில் எடுத்தது. ஒரே ஒரு எறிதலால் நானும் ஏமாந்தேன், அணியும் ஏமாந்தது என்றால் என் வாதம்தானே நிற்கிறது? அதோடு, மன்ஸீல் கதையில் நீங்கள் போட்ட ஆய்வைத் தராசுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு லட்சம் டாலர் டேப் எல்லாம் பார்த்து டெடி என்று சொல்கிறது. அதையும் மீறி ஒதுக்க ஒரு சாக்கு வேண்டும். கையில் தயாராக இருந்த சாக்கு, கழற்றி வைத்த கையுறை.

தராசு:
பிரவுன்ஸ். நீங்கள் கொண்டுவரும் சாட்சி பிரவுன்ஸ். நான் எழுதிய "நல்ல" என்ற சொல்லை இப்போதாவது திருப்பிப் போடுங்கள்.

நல்ல அணி என்றால் என்ன என்று 2023 ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியைப் பாருங்கள். குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் எஸ்2 அறிவுத் தேர்வில் வெறும் 18 எடுத்தார் என்று டிராஃப்டுக்கு முன் கசியவிட்டார்கள். ஊரே அவரைக் கிழித்தது. டெக்சன்ஸ் அசையாமல் இரண்டாவது இடத்தில் எடுத்தது. முதல் வருடமே 4,108 கெஜம், 23 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். முந்தின வருடம் மூன்றே ஆட்டம் ஜெயித்த அணி பத்து ஜெயித்தது.

வடதுருவன்:
முதல் இடம் கையிலிருந்த கரோலினா? அவர்கள் ஸ்ட்ரௌடை விட்டுவிட்டு பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 2024இல் இரண்டு ஆட்டம் முடிந்ததும் அவரை உட்கார வைத்தார்கள்.

தராசு:
அதனால்தான் "நல்ல".

கொங்குநாடன்:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். பிளேனோவில் சனிக்கிழமை காலை நாங்கள் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறோம், ஏழு வருடமாக நான்தான் எறிகிறவன். புதுப் பந்தின் தோலில் மணல் தெளித்த மாதிரி பொடிப்பொடியாக மேடு இருக்கும். வெறுங்கையில் அந்த மேடும் தையலும் விரல் நுனிக்குத் தெரியும், பந்தை விடும்போது கடைசியாக விலகுவது ஆள்காட்டி விரல். கையுறை போட்டால் உள்ளங்கைப் பக்கத்து ரப்பர் பந்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், விரல் அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க கையுறையோடு எறிந்துவிட்டு மார்ச்சில் கழற்றினேன். முதல் பத்துப் பதினைந்து பந்து கையிலிருந்து சீக்கிரமே நழுவி மேலே மேலே போனது. பழைய பிடி வர இரண்டு வாரம் ஆனது. எனக்கே இப்படி.

வடதுருவன்:
இதோ! எதிரணி ஆளே சொல்லிவிட்டார். கையுறைதான்.

கொங்குநாடன்:
நான் எந்த அணி ஆளும் இல்லை. பந்து ஏன் தள்ளாடியது என்று சொன்னேன். அதனால்தான் 32க்குப் போனார் என்று சொன்னேனா? என் வார்த்தையை உங்கள் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2021லேயும் இதைத்தான் செய்தீர்கள்.

தராசு:
கையுறை அவ்வளவு பெரிய குற்றம் என்றால், இரண்டு கையிலும் கையுறை போட்டு ஆடின கென்னி பிக்கெட் 2022இல் எப்படி 20ஆவதாகப் போனார்? கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எட்டரை அங்குலம், கை சின்னது என்று மாதக்கணக்கில் பேசினார்கள். அந்த வருடம் முதல் சுற்றில் போன ஒரே குவார்ட்டர்பேக் அவர்தான்.

வடதுருவன்:
பிக்கெட் பற்றிப் பேசியது கையளவை. நான் பேசுவது கையுறையை. இரண்டையும் குழப்பாதீர்கள். டெடியின் தப்பு கையுறை போட்டது இல்லை, கழற்றியது.

உங்களுக்கு "நல்ல அணி" வேண்டும், அவ்வளவுதானே? பால்டிமோர் ரேவன்ஸ் நல்ல அணியா, இல்லையா? 2018 காம்பைனில் எதிராளியைத் தடுத்து நிறுத்துகிற ஆட்டக்காரர் ஆர்லாண்டோ பிரௌன் ஜூனியர் 40 கெஜத்தை 5.85 விநாடியில் ஓடினார், 225 பவுண்டை 14 முறைதான் தூக்கினார். முதல் சுற்றில் பேசப்பட்ட ஆள் ஒரே வாரத்தில் சிரிப்புக்கு ஆளானார். மூன்றாம் சுற்று, 83ஆவது இடம். அப்புறம் ப்ரோ பௌலுக்கும் (சிறந்தவர்களுக்கான ஆட்டம்) போனார், சீஃப்ஸ் அணியோடு சூப்பர் பௌலும் வாங்கினார்.

தராசு:
அவரை எடுத்ததே ரேவன்ஸ்தான்! ஊர் சிரித்தபோது டேப்பை நம்பினார்கள். எனக்காக நீங்களே வாதாடுகிறீர்கள்.

வடதுருவன்:
83இல் எடுத்தார்கள் ஐயா. அதே டிராஃப்டில் 25ஆவது இடத்தில் ஹேடன் ஹர்ஸ்டை எடுத்தார்கள். பிரௌனின் அப்பா அதே ரேவன்ஸுக்கு ஆடியவர், பையனை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? டேப்பை மட்டும் நம்பியிருந்தால் மூன்றாம் சுற்று வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? உங்கள் நல்ல அணியும் அந்த 5.85ஐப் பார்த்தது, எண்ணத்தை மாற்றியது. இதற்குச் சொல்லுங்கள்.

தராசு:
மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் காத்திருப்பது கெட்டிக்காரத்தனம். எண்ணம் மாறவில்லை, விலை மாறியது.

பவானி_கே:
விலை மாறினால் அந்தப் பையனுக்கு எத்தனை மில்லியன் போகிறது என்று யாராவது யோசித்தீர்களா? முதல் சுற்று ஒப்பந்தமும் மூன்றாம் சுற்று ஒப்பந்தமும் ஒன்றா? "விலை மாறியது" என்று வெங்காயம் பேசுவது போலப் பேசுகிறீர்கள். நான் கேட்ட நேர்காணல் கேள்வியை மூன்று பேரும் தாண்டிப் போய்விட்டீர்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதுசு24:
என் கேள்வியும் அங்கேயே இருக்கிறது. "எண்ணம் மாறவில்லை, விலை மாறியது" என்றால் பெயர் என்பது எது, எண்ணமா விலையா?

வடதுருவன்:
அக்கா சொன்னது சரி, விலை மாறினால் எல்லாமே மாறியது மாதிரிதான். தராசு இப்போது "விலை" என்ற புதுச் சந்துக்குள் நுழைகிறார். நான் நுழைய மாட்டேன்.

2016 ஜனவரி 10ஆம் தேதி மினசோட்டா பல்கலைக்கழக மைதானத்தில் இருந்தேன். டெடியை எடுத்த எங்கள் வைகிங்ஸுக்கு சீஹாக்ஸோடு ஆட்டம், ஆரம்பிக்கும்போது ஃபாரன்ஹீட்டில் மைனஸ் 6. மூன்று ஜோடி சாக்ஸ், பூட்ஸுக்குள் சூட்டுப் பொட்டலம், வாங்கின காபி இருக்கைக்கு வந்து சேர்வதற்குள் ஓரத்தில் பனி கட்டியது. கையுறை போட்ட டெடி கடைசி நேரத்தில் அணியை 27 கெஜத்திலிருந்து கோல் உதைக்கிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் உதைப்பாளர் வால்ஷ் உதைத்தது இடது பக்கம் போனது, 10க்கு 9 என்று தோற்றோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் முகத்தை மப்ளரால் மூடிக்கொண்டு அழுதார். அந்தக் குளிரில் பந்து பிடித்த கையைத்தான் 2014 மார்ச் மாதம் ஒரு நாள் பார்த்துவிட்டு "எறியத் தெரியாது" என்றார்கள். 2016 ஆகஸ்டில் பயிற்சியில் டெடியின் முழங்கால் போகாமல் இருந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இல்லை.

தராசு:
உருக்கமாக எழுதினீர்கள். அந்த ஆட்டத்தில் வைகிங்ஸ் டச்டவுனே போடவில்லை, ஒன்பது புள்ளியும் ஃபீல்டு கோலில் (காலால் உதைத்து) வந்தது. அதையும் எழுதுங்கள்.

வடதுருவன்:
மைனஸ் 6இல் நீங்கள் போடுங்கள் பார்ப்போம்.

கொங்குநாடன்:
அந்த ப்ரோ டேயை டிவியில் மோசம் என்று ஓங்கிச் சொன்னவர் மைக் மேயாக். அதே ஆள் ரெய்டர்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜராகி 2019இல் 4ஆவது இடத்தில் கிளீலின் ஃபெரலை எடுத்தார். யார் பேச்சைக் கேட்டுப் பையன்கள் தலையெழுத்து மாறுகிறது பாருங்கள். வில்சன் கணக்கு இன்னும் தீரவில்லை வடதுருவன், மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டேன்.

தராசு:
முதல் பதிவில் "நல்ல" என்ற சொல்லைச் சேர்த்துத் திருத்துங்கள். அப்புறம் பேசலாம்.

வடதுருவன்:
திருத்த மாட்டேன். மார்ச் 17, லூயிவில், கையுறை. இதற்கு நேராக ஒரு வரி பதில் இன்னும் வரவில்லை.