பழைய பிராடோ 150: பெற்றோலா, டீசலா? வழி சொல்லுங்கள்

உப்புவெளி (கேள்வி)

வணக்கம். பழைய டொயோட்டா பிராடோ 150 ஜீப் ஒன்று வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் பழைய ஜீப்புகளின் விலை நான் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. ஆகவே இனிக் காத்திருக்கப்போவதில்லை. எந்த வாகனம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். எஞ்சின் எது என்றவுடன் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

பார்த்து வைத்திருப்பவை மூன்று: 2011ஆம் ஆண்டின் 2.7 லீற்றர் பெற்றோல் (2டிஆர் எஞ்சின்), அதே ஆண்டின் 3.0 லீற்றர் டீசல் (1கேடி), 2016ஆம் ஆண்டின் 2.8 லீற்றர் டீசல் (1ஜிடி). முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. மூன்றாவதற்கு லீசிங் போட வேண்டிவரும்.

எங்கள் ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு அலுவலகம், மாலையில் வீடு, எல்லாம் நகரத்துக்குள்தான். தம்பலகாமத்தில் வயல் இருக்கிறது. பெரும்போகத்தில் உரமூட்டைகளோடு சேற்று வழியில் உள்ளே போக வேண்டும். மனைவியின் ஊர் வெருகல். மூதூர், ஈச்சிலம்பற்று வழியாகப் போகும்போது மாரியில் சில இடங்களில் வீதிக்கு மேலே தண்ணீர் ஓடும். கொழும்புக்கு எப்போதாவதுதான். படகோ ட்ரெய்லரோ இழுப்பதில்லை. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடாது.

"ஜீப் என்றால் டீசல்தான்" என்கிறார் மைத்துனர். அப்பாவுக்குப் பெற்றோல் எஞ்சினில்தான் நம்பிக்கை. விற்பவர்கள் குதிரைவலுக் கணக்கை மட்டும் ஒப்பிக்கிறார்கள்: பெற்றோல் 163, டீசல் 170க்குச் சற்று மேல். அதைக் கொண்டு என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

நிலாவெளி (வாடகை வாகன ஓட்டுநர்)

டீசலை எடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். நான் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கும் சிகிரியாவுக்கும் ஓடுபவன். ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த பிறகு எஞ்சினின் தரம் தெரிந்துவிடும். 3.0 டீசலின் முறுக்கு விசை, அதாவது சுழற்றும் பலம், 410 நியூட்டன் மீற்றர். அது நிமிடத்துக்கு 1600 சுற்றிலேயே கைக்கு வந்துவிடும். 2.7க்கு 246தான்; அதையும் பெறக் கிட்டத்தட்ட 4000 சுற்று வரை மிதிக்க வேண்டும். ஹபரணை வீதியில் லொறியை முந்தும்போது இந்த வித்தியாசம் உயிர் காக்கும். பழைய 2.7இல் தானியங்கி கியரும் நான்குதான், டீசலில் ஐந்து. எரிபொருளும் மிச்சம்.

சீனக்குடா (2.8 வைத்திருப்பவர்)

2.8ஐப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓட்டுவதற்கு இதைவிட நல்ல எஞ்சின் பிராடோவில் இல்லை. ஆனால் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அதன் உள்ளே சுமார் 600 பாகை வெப்பம் வேண்டும். நகரத்துக்குள் சிறு ஓட்டம் ஓடினால் அந்த வெப்பம் வருவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். நான் வாரம் தவறாமல் தம்புள்ளைக்குப் போய்வருவதால் எனக்குத் தொல்லை இல்லை. உங்கள் ஓட்டத்துக்கு அது அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதற்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் ஊற்றுவதே நல்லது. அண்மைக் காலமாக ஓட்டோ டீசல்தான் 92 ஒக்டேன் பெற்றோலை விட மலிவு; சுப்பர் டீசல் அந்தப் பெற்றோலை விடவும் விலை கூடியது. டீசல் வாங்கினால் எரிபொருள் மலிவு என்ற கணக்கு இங்கே செல்லாது. ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்கு விற்ற 2.8 என்றால் யூரியா கரைசலும் தனியாக ஊற்ற வேண்டும்.

புல்மோட்டை

நிறையப் பேர் ஏறாவிட்டால் சின்ன ஜீப்பான சுசுகி ஜிம்னி போதுமே? 1462 சிசி பெற்றோல், எடை 1100 கிலோவை ஒட்டித்தான் வரும். எங்கள் பக்கத்து மணலில் பிராடோ புதையும் இடத்தில் அது ஏறிப் போய்விடும்.

உப்புவெளி

நன்றி. அப்பா, அம்மாவோடு நாங்கள் ஆறு பேர். உரமூட்டையும் ஏற்ற வேண்டும். ஜிம்னி சரிவராது. 2.8ஐ விட்டுவிடுகிறேன்; லீசிங் போட்டு வாங்கி, பிறகு வடிகட்டிக்காகவே தம்புள்ளைக்கு ஓட என்னால் முடியாது. இப்போது 2.7, 3.0 இரண்டும்தான்.

கிண்ணியா (கராஜ்)

தம்பி, நிலாவெளி அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை, அவருடைய ஓட்டத்துக்கு. எஞ்சின் சூடேறி, சுமையோடு, மணிக்கணக்கில் ஓடுகிறது. டீசலுக்கு அதுதான் ஆரோக்கியம். நீங்கள் சொன்ன ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூடு காண்பதற்குள் பாடசாலை வாசல் வந்துவிடும். அப்படி ஓடும் டீசலில், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழியாக வரும் புகைக்கரி உள்ளிழுக்கும் குழாயில் படிந்துகொண்டே போகும். பெற்றோல் எஞ்சின் இந்தச் சிறு ஓட்டத்தை எவ்வளவோ பொறுத்துக்கொள்ளும்.

எரிபொருள் மிச்சத்தையும் கணக்குப் பார்ப்போம். உங்கள் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு, பெற்றோல் லீற்றருக்கு ஏழும் டீசல் ஒன்பதும் ஓடுவதாக வைத்தால் வருடத்தில் வித்தியாசம் சுமார் 320 லீற்றர். ஓட்டோ டீசலின் விலைக் குறைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு, 1கேடிக்கு எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் புதிதாக நான்கு என்ன விலை என்று ஒரு உதிரிப்பாகக் கடையில் கேட்டுப் பாருங்கள். சில வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

1கேடி கெட்ட எஞ்சின் என்று நான் சொல்லவில்லை. நல்ல எஞ்சின். ஆனால் 2011 வண்டியில் ஒரு இடத்தைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செம்பு வாசர் இருக்கிறது. அது கசிந்தால் எரிந்த வாயு மேலே ஏறி ஒயிலோடு கலக்கும். ஒயில் கரியாகி, தார்போல் தடித்து, ஒயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அப்பிக்கொள்ளும். வலை அடைபட்டால் பம்புக்கு ஒயில் கிடைக்காது. டேர்போவும் பெயரிங்குகளும் வறண்டு போகும். முகப்பில் விளக்கு எரியும்போது வேலை முடிந்திருக்கும். ஆகவே கீழ்ச் சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வலையின் கண்கள் திறந்து, உலோகம் பளிச்சென்று தெரிந்தால் நல்லது. நகத்தால் சுரண்டும்போது கரி துகளாக உதிர்ந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றாலும் அதே முடிவுதான்.

ஸ்கேன் கருவியில் எஞ்சின் சும்மா ஓடும்போது நான்கு இன்ஜெக்டரின் திருத்த அளவையும், அதாவது ஒவ்வொன்றுக்கும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவையும் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று மூன்றைத் தாண்டினால் அது தேய்ந்துவிட்டது. 1கேடியில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்; ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கான எச்சரிக்கை விளக்கை யாரும் அணைத்துவைக்கலாம், ஆகவே பற்றுச்சீட்டைக் கேளுங்கள். 2டிஆரில் அந்த வேலைக்குச் சங்கிலி, அந்தச் செலவு இல்லை.

தம்பலகாமம்

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வயல் மண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். மழை பெய்தால் டயர் பூவெல்லாம் களி நிரம்பி வழுவழுத்துவிடும். அந்த நிலையில் முறுக்கு விசை 410 இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். தார் வீதி டயரோடு டீசல் பிராடோக்கள் வாய்க்கால் ஓரத்தில் சரிந்து நின்றதையும், உழவு இயந்திரம் கொண்டுவந்து அவற்றை இழுத்ததையும் ஒவ்வொரு பெரும்போகத்திலும் பார்க்கிறோம். இரண்டு எஞ்சினிலும் நிரந்தர நான்கு சக்கர இழுவை உண்டு, முன், பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டவும் முடியும். கீழ்நிலை கியரில் போட்டால் முறுக்கு விசை இரண்டரை மடங்காகிவிடும். வயல் வழியில் நடை வேகத்தில் போக 2.7க்கு அது தாராளம். பழுதுச் செலவில் மிஞ்சும் காசை நல்ல சேற்று டயருக்குப் போடுங்கள்.

உப்புவெளி

ஐயா, நானா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெருகல் பாதைத் தண்ணீர்தான் இன்னும் உறுத்துகிறது. தண்ணீரில் டீசல் நிற்காது, பெற்றோல் நின்றுவிடும் என்கிறார்களே? 3.0ஐ நேற்றுப் பார்த்தேன். சம்ப்பைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை. ஜப்பானில் ஏலத்தில் எடுத்தது, வண்டியின் நிலையைச் சொல்லும் ஏலத் தாள் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று ஒரு தாளைக் காட்டினார்.

கிண்ணியா (கராஜ்)

அந்தத் தாள் அந்த வண்டியுடையதாக இருக்க முடியாது தம்பி. 2009இல் இருந்து 2015 நடுப்பகுதி வரை ஜப்பான் உள்நாட்டுச் சந்தையில் பிராடோ 150 பெற்றோலில் மட்டும்தான் விற்றது, 2.7உம் 4.0உம். 3.0 டீசல் மற்ற நாடுகளுக்காகச் செய்தது. அதன் செஸி எண் ஆங்கில ஜே, டி எழுத்துகளில் தொடங்கி எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 இருக்கும். ஜப்பான் உள்நாட்டு 2.7இல் டிஆர்ஜே150 என்று தொடங்கி, ஒரு சிறு கோட்டுக்குப் பிறகு தொடர் எண் வரும். தாளையும் செஸியையும் பதிவுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எல்லாம் தெரியும். அந்த 3.0ஐ விட்டுவிடுங்கள்.

தண்ணீர் விடயம். பழைய பெற்றோல் எஞ்சின்களில் தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் வண்டி நின்றது உண்மை. 2டிஆரில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு சுடர்ச் செருகிக்கும் மேலே தனிக் காயில். காற்று உள்ளிழுக்கும் வாயில் தண்ணீர் போனால் பெற்றோல், டீசல் இரண்டுமே உடையும். பிராடோவுக்குக் கம்பனி சொல்லும் ஆழம் 700 மில்லிமீற்றர். அது நின்ற தண்ணீருக்கு. வெருகலில் ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொட்டாலே திரும்பிவிடுங்கள், குடும்பம் உள்ளே இருக்கிறது.

நிலாவெளி (வாடகை வாகன ஓட்டுநர்)

தாள் விடயம் எனக்கும் புதிது, நன்றி நானா. தம்பி, இந்த ஓட்டத்துக்கு 2.7ஐ எடுப்பது சரிதான். கொழும்புக்குப் போகும்போது மட்டும் முந்துவதில் அவசரப்படாதீர்கள்.

உப்புவெளி

2.7 என்று முடிவு செய்துவிட்டேன். அதில் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்? மணலில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

புல்மோட்டை

மணலில் 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், தார் வீதிக்கு ஏறியதும் மறக்காமல் நிரப்புங்கள். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எங்கள் உப்புக் காற்றில் முதலில் போவது பிரேக் குழாயும் செஸியின் பின்பக்க வளைவும்தான்.

கிண்ணியா (கராஜ்)

அந்தச் செஸியைத்தான் நானும் முதலில் பார்ப்பேன். ஜப்பானில் பனி கொட்டும் பகுதியில் ஓடிய வண்டி என்றால் வீதியில் தூவும் உப்பு அடியில் பிடித்திருக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுத்தியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் கேட்கும் இடத்தில் துரு. ரேடியேற்றரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சங்கிலிச் சத்தத்தை நானே கேட்கிறேன். வியாழன் காலையில் நான் அங்கு வருகிறேன். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இரவு முழுக்க ஆறிய எஞ்சினை நாம்தான் முதலில் இயக்க வேண்டும்.