32 நாள் கணக்கில் எனக்கு வந்த வட்டி

மெர்பேங்க், டர்பன்

என் கணவர் காலமான பிறகு வந்த ஓய்வூதியப் பணத்தில் 4 லட்சம் ரேண்டை இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு வங்கியின் 32 நாள் முன்னறிவிப்புக் கணக்கில் போட்டேன். எடுக்க வேண்டுமென்றால் 32 நாளுக்கு முன்பே வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். அதற்காகச் சாதாரண சேமிப்புக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதல் வட்டி. முதலைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். மாத வட்டியில் மின்சாரம், தண்ணீர், இரத்த அழுத்த மாத்திரை, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பூ. எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பேன்.

2019 டிசம்பர் பக்கத்தில் 2,100 ரேண்டு என்று இருக்கிறது. 2020 ஆகஸ்ட் பக்கத்தில் 1,100. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி ஜனவரியில் கால் விழுக்காடு, மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, மே மாதம் அரை, ஜூலையில் கால் என்று ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5 விழுக்காட்டிலிருந்து 3.5க்கு இறக்கியது. மார்ச்சிலிருந்து கொரோனாவில் கடைகள் மூடிக் கிடந்தன, கடன் வாங்கியவர்கள் மூச்சுவிட வேண்டும் என்று அடுத்தடுத்து இறக்கினார்கள். என் மகனின் வீட்டுக்கடன் தவணையும் அதே மாதங்களில் குறைந்தது. அதனால் அந்தக் குறைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்த முடியாது, பூவை நிறுத்தினேன்.

என் மனம் நொந்தது அதற்குப் பிறகுதான். 2021 நவம்பரில் விகிதம் ஏறத் தொடங்கி, 2023 மே மாதத்தில் 8.25 ஆனது. என் நோட்டில் அந்த ஜூன் மாத வட்டி 1,870 மட்டுமே. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, அதே வங்கியில் அதே போன்ற கணக்கைப் புதிதாகத் தொடங்கி 8.1 விழுக்காடு வாங்குவதாகச் சொன்னார். எனக்கு 5.6தான் வந்துகொண்டிருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்களுடையது பழைய வகைக் கணக்கு. அதைப் புதியவர்களுக்குத் தருவதில்லை" என்றாள். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். இணையதளத்தில் போட்டிருக்கிறார்களாம். வட்டி இறங்கியபோது ஒவ்வொரு முறையும் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை, அவள் வயது என் பேத்தி வயது. கணக்கு வகையை மாற்ற இருபது நிமிடம்தான் ஆனது. பிறகு, 32 நாள் கழித்து, மாதம் 2,700. இடையில் போன மாதங்களுக்கு ஒரு காசும் திரும்பி வரவில்லை.

சாட்ஸ்வர்த், டர்பன்

மெர்பேங்க் அக்கா சொல்வது போலவேதான் எங்கள் வீட்டிலும். ஆனால் என் அண்ணன் காத்திருக்கவில்லை. 2020இல் வங்கி வட்டி மூன்றரைக்கு வந்ததும், மாதம் பத்து விழுக்காடு தருவதாகச் சொன்ன பிட்காயின் திட்டம் ஒன்றில் பாதிச் சேமிப்பைப் போட்டார். முதல் இரண்டு மாதம் திரையில் எண் ஏறியது. எங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் வாங்கப் போன இடத்திலெல்லாம் அதே பேச்சு. டிசம்பரில் எடுக்கப் போனார், பணம் வரவில்லை. இன்று வரை வரவில்லை. வட்டி குறைந்த கோபத்தில் முதலையே விட்டுவிட்டார் என்று அண்ணி இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார். யாருக்காவது இப்போதும் அப்படி அழைப்பு வந்தால் தயவுசெய்து வேண்டாம்.

பீனிக்ஸ், டர்பன்

என் அம்மாவுக்கு நாங்கள் அரசு தனிநபர்களுக்கு விற்கும் சில்லறைச் சேமிப்புப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம். 1,000 ரேண்டிலிருந்து வாங்கலாம். 2, 3, 5 ஆண்டு என மூன்று காலம். வாங்கிய நாளின் வட்டி முடியும் வரை மாறாது. 60 வயது தாண்டியவர்கள் வட்டியை மாதந்தோறும் பெறலாம். ஆனால் முதல் 12 மாதம் பணத்தைத் தொட முடியாது, பிறகு முன்கூட்டி எடுத்தால் அபராதம் உண்டு. ஆகவே மருத்துவச் செலவுக்கான பணத்தை அதில் போடாதீர்கள். நாங்கள் போட்டுவிட்டுத் தவித்தோம்.

டோங்காட்

மெர்பேங்க் அக்காவிடம் ஒரு கேள்வி. 4 லட்சமும் ஒரே வங்கியிலா இருக்கிறது? 2024 ஏப்ரலில் தொடங்கிய வைப்புக் காப்பீட்டில், வங்கி நொடித்துப்போனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் ரேண்டு வரைதான் பாதுகாப்பு.

மெர்பேங்க், டர்பன்

டோங்காட் தம்பிக்கு: ஆமாம், ஒரே வங்கியில்தான் இருந்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் மகனிடம் காட்டினேன். இரண்டு இடங்களில் வட்டி விசாரித்துவிட்டோம், ஒரு பகுதிக்கு முன்னறிவிப்பு கொடுத்தாயிற்று. வரி பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 65 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 34,500 ரேண்டு வரை வட்டிக்கு வரி இல்லை என்று அப்போது இருந்தது, அந்த வயதுக்குக் கீழே இருந்தால் 23,800. என்னுடைய வட்டி 32,400தான், தப்பித்தேன்.

2024 செப்டம்பரிலிருந்து ரெப்போ விகிதம் மீண்டும் இறங்கியது. 8.25 ஆக இருந்தது 2025 ஜூலையில் 7 ஆகிவிட்டது, நவம்பரில் 6.75. ரிசர்வ் வங்கியின் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அந்த ஆறு தேதிகளையும் நோட்டின் முன் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மறுநாள் காலை வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்து இரண்டே கேள்வி கேட்கிறேன்: என் கணக்குக்கு இன்று என்ன வட்டி, இன்று புதிதாக வருபவருக்கு என்ன வட்டி. போன முறை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அந்த எண்ணைப் பேனாவால் எழுதினேன்.