பெஞ்சல் புயல்ல போன கடக்கரை படி, திரும்ப சிமெண்ட்லயே போடலாமா?

குப்பத்துக்காரன்:
வணக்கம் மக்களே. நமக்கு பாண்டிக்கு வடக்க, பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு குப்பம். 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் கரையேறுனப்போ தெருமுனையில கடலுக்கு இறங்குற சிமெண்ட் படி ஒடிஞ்சு தொங்கிடுச்சு, இப்போ கடைசி படிக்கும் மணலுக்கும் நடுவுல நாலடி பள்ளம். மணல் மூட்டை அடுக்கினோம், மூணே மாசத்துல வெயில்ல சாக்கு இத்துப்போய் எல்லாம் கொட்டிடுச்சு. மீன் எடுக்குற பொம்பளைங்க கூடையை முதல்ல மேல வெச்சுட்டு, முட்டி ஊனி ஏறி, அப்புறம் கூடையை தலைக்கு ஏத்துறாங்க. எங்க ஆயா ஏலத்துக்கு போறதையே விட்டுடுச்சு. ஊர் கூட்டத்துல பழையபடி சிமெண்ட்லயே இன்னும் கெட்டியா போடலாங்குறாங்க. தாங்குமா?

பழைய கொத்தனார்:
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க, படிக்கு அடியில மண்ணு கடல் பக்கம் போயிருக்கா தெரு பக்கம் போயிருக்கா? அன்னைக்கு பாண்டியில ஒரே நாள்ல 48 செ.மீ. கொட்டுச்சு, உங்க மேட்டுலேர்ந்து செம்மண் தண்ணி அம்புட்டும் தெரு வழியாத்தான் கடலுக்கு ஓடியிருக்கும். அலை அடிச்சு ஒடிஞ்சதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பாதி இடத்துல பின்னாடியிருந்து வந்த மழைத்தண்ணி அடிமண்ணை அரிச்சு காலி பண்ணியிருக்கும், அலை சும்மா கடைசியா தட்டிவிடும் அவ்ளோதான். தண்ணிக்கு தனி வழி விடாம எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டாலும் வேஸ்ட்.

வலைவீசி:
கொத்தனார் சொல்றது கரெக்ட். இன்னொன்னு, யாராவது கல்லு கொட்டலாம்னு கிளம்பினா ஒத்துக்காதீங்க. வருஷத்துல பாதிக்கு மேல தெண்டி வெள்ளம் (தெக்கேருந்து வர்ற கடல் நீரோட்டம்) மணலை வடக்க தள்ளிட்டு போவுது, பாண்டி துறைமுகத்துல 80கள்ல கடலுக்குள்ள கல்லு நீட்டினதுல இருந்து அந்த மணல் வடக்க சரியா வரல, உங்க கரை தேயுறதுக்கு அதான் காரணம். நீங்க கல்லு போட்டா அடுத்த குப்பம் தேயும், அப்புறம் ஊருக்கு ஊர் சண்டைதான். நாங்க சவுக்கு கம்பம் ஆழமா இறக்கி மேல பனை வாரை கட்டியிருக்கோம், ஆணி கிடையாது (உப்புல ஒரு வருஷம் தாங்காது), பழைய நைலான் கயிறுதான். ஐப்பசி பொறந்ததும் வாரையை அவுத்து கோயில்ல அடுக்கிடுவோம், தை கழிச்சு மணல் எவ்ளோ ஏறியிருக்குன்னு பாத்து திரும்ப கட்டுவோம். அடம்பு கொடியை மட்டும் வெட்டாதீங்க, மணலை புடிச்சு வெக்கிறதே அதுதான்.

மூணுசக்கரம்:
படி படின்னே பேசுறீங்க, சாய்தளம் பத்தி யாரும் யோசிக்கலையே. நான் வீல்சேர்ல போறவன். மெரினாவுல விவேகானந்தர் இல்லம் எதிர்ல 1.14 கோடியில 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டாங்க, 2022 நவம்பர் 27 திறந்தாங்க, ரெண்டு வாரம் கூட ஆகல, மாண்டஸ் புயல்ல கடல் பக்கத்து முனை பேந்துடுச்சு. ஆனா மரம்ங்குறதால பேந்த இடத்தை மட்டும் மாத்தி திரும்ப விட்டாங்க. 1க்கு 12 சரிவு கணக்கு, அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம், உங்க நாலடிக்கு 48 அடி நீளம் வேணும். நேரா இடம் இல்லன்னா கரையோரமா மடக்கி விடலாம். கூடைக்கார அம்மாங்களுக்கும் ஐஸ் பெட்டி தள்ளுறவங்களுக்கும் இதான் சௌகரியம்.

வலைவீசி:
ஆமா, அத மறந்துட்டேன். புதுசா சிமெண்ட் போடுறதுன்னா கடலோர மண்டல அனுமதி கேப்பாங்க. கலெக்டர் தலைமையில மாவட்ட கமிட்டி இருக்கு, அதுல நம்ம கடலோர சனங்க மூணு பேராவது இருக்கணும்னு விதி. உங்க பக்கத்து ஆள் யாருன்னு விசாரிச்சு அவர்கிட்ட மனு குடுங்க.

குப்பத்துக்காரன்:
காலையில போய் பாத்தேன் கொத்தனாரே. நீங்க சொன்ன மாதிரியே தெரு பக்கம்தான் குடைஞ்சிருக்கு, கை விட்டா தோள் வரைக்கும் போவுது, உள்ள ஒரே செம்மண். தெருத்தண்ணி போக படிக்கு அடியில ஒரு குழாய் இருந்திருக்கு, பிளாஸ்டிக்கும் வலைத்துண்டும் அடைச்சு கிடக்கு. அது இருக்குறதே எங்க நாட்டாமைக்கு தெரியல. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல குழாய் முதல்ல, அப்புறம் 48 அடின்னு சொல்லப்போறேன். சவுக்கு கம்பம் மணலுக்குள்ள எத்தனை அடி இறக்குனீங்கண்ணே?

வலைவீசி:
ஆறடி. எட்டடி இறக்கியிருக்கலாம்னு இப்போ தோணுது.