பைப் ஆர்கனில் காற்று கசிகிறது, வழி சொல்லுங்கள்

எங்கள் தேவாலயத்துக்கு நாங்களே சேர்ந்து ஒரு பைப் ஆர்கன் (குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் இசைக்கருவி) கட்டிக்கொண்டிருக்கிறோம். தச்சு தெரிந்தவர்கள் இருவர்தான். மற்றவர்கள் சொன்னதைத் தூக்குகிறவர்கள். 8 அடி மரக் குழாயைக்கூட நிறுத்திவிட்டோம். சிக்கல், குழாய்கள் நிற்கும் காற்றுப் பெட்டியில். வாசிக்கும் கட்டை ஒன்றை அழுத்தினால் பக்கத்துக் குழாயும் லேசாக முனகுகிறது. துருத்தியில் அழுத்தம் 3 அங்குலத் தண்ணீர் அளவில் (தண்ணீரை 3 அங்குலம் உயர்த்தும் அழுத்தம்) ஆடாமல் நிற்கிறது, அதனால் சந்தேகம் ஸ்லைடர் பலகை மேல்தான், அதாவது நகர்ந்து குழாய்களுக்குக் காற்றைத் திறந்து மூடும் துளையிட்ட பலகை. ஈரப்பதத்தில் வளைந்திருக்கும் போல. இழைத்துச் சமப்படுத்துவதா, துளைகளைச் சுற்றி ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) வளையம் ஒட்டுவதா? இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே, கை நடுங்குகிறது.

அப்புறம், அறை சூடானால் குழாய்களின் சுருதி ஏறிவிடுகிறது. எந்த வெப்பநிலையில் சுருதி சேர்ப்பீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படம் வேண்டுமானால் போடுகிறேன்.